அப்பாவின் சாகாவும் தைப்பிங் சாலையும்

மாலை நான்கு மணிக்கு ஒலிபரப்பு அறைக்குள் நுழைந்தால், அரை மணிக்கு ஒரு தடவை சாலை நெரிசல் தகவல் சொல்வது என் வேலைகளில் ஒன்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே வண்டிகள் ஊர்கின்றன, எந்தச் சுரங்கப் பாதையில் தண்ணீர் தேங்கிவிட்டது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "நீங்க என்ன கார் ஓட்டுறீங்க?" என்று நேயர்கள் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். நான் வேலைக்கு வருவதும் போவதும் எல்.ஆர்.டி.யில்தான்.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கார் உண்டு. அது கோலாலம்பூரில் இல்லை. சுங்கை சிப்புட்டில், வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கிறது. 1991இல் அப்பா தவணையில் வாங்கிய வெள்ளை நிறப் புரோட்டோன் சாகா. அப்பா தோட்டத்துக் கிராணி. மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு நடுவே அந்தக் காருக்கும் மாதாமாதம் பணம் கட்டினார். யாராவது, "பழைய வண்டியாச்சே, மாத்தலையா?" என்று கேட்டால், "பேரே சாகா. எப்படிச் சாகும்?" என்பார்.

2021இல் அப்பா போய்விட்டார். அந்த நகைச்சுவையை அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

கார் அம்மாவின் பெயருக்கு மாறியது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி எப்போதாவது எண்ணெய் நிலையத்துக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போவான். ரோட் டேக்ஸையும் இன்சூரன்ஸையும் அம்மா ஓர் ஆண்டுகூடத் தவறவிட்டதில்லை. ஜொகூரில் இருக்கும் அண்ணன் மட்டும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை எழுதுவார்: "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே." அம்மா படித்துவிட்டுப் பதில் போடமாட்டார்.

கடந்த மாதம் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. இந்த முறை சாகாவை எடுத்துக்கொண்டு அம்மாவுடன் தைப்பிங் ஏரிக்குப் போய்வரலாம் என்று நினைத்தேன். அப்பா பள்ளி விடுமுறையில் எங்களை அழைத்துப் போகும் இடம் அது.

ஊருக்குப் போனேன்

கே.எல். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர் இது. 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதால் வரலாற்றுப் புத்தகங்களிலும் இந்த ஊர் இடம்பெறுகிறது. எங்களுக்கு அது ரப்பர் வாசனை அடித்த ஊர். இப்போது சுற்றிலும் செம்பனைதான் அதிகம். பழைய கடை வரிசையும் அதன் ஐந்தடிப் பாதையும் மட்டும் நான் பள்ளிக்குப் போன காலத்தில் இருந்தது மாதிரியே இருக்கின்றன.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாகாவை முடுக்கியிருந்தார். சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, சரியாக ஐந்து நிமிடம். பிறகு நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார்.

"தினமுமா, அம்மா?"

"தினமும்தான். சும்மா நிறுத்தி வச்சா வண்டி செத்துரும்னு அப்பா சொல்வாரே."

நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து காலைகள். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மூடியைத் திறந்தபோது

தைப்பிங் வரை போவதென்றால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது என்று காரை அப்பாவின் வழக்கமான பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு கியர் மாற்றி ஓட்டியதில் முச்சந்தியில் இரண்டு முறை எஞ்சின் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார். கோலாலம்பூரில் அது நடக்காது.

ஃபோர்மன் அண்ணனுக்கு வண்டியை அடையாளம் தெரிந்தது. "கிராணி ஐயா வண்டி" என்று கூரையைத் தட்டிக்கொடுத்தார். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அடுத்த எண்ணெய் மாற்றம் 192,400 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்தது. மீட்டரில் 188,530.

"இன்னும் கிட்டத்தட்ட நாலாயிரம் இருக்கு அண்ணே," என்றேன்.

"எப்ப மாத்தினது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கையுறைப் பெட்டியில் அப்பாவின் 555 குறிப்புப் புத்தகம். மளிகைக் கடைக் கடனுக்கு நாம் எல்லோரும் வைத்திருந்தோமே, அதே சின்னப் புத்தகம்தான். அப்பா அதில் காரின் கணக்கு எழுதினார்: தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு வெள்ளி. கடைசி வரி 2020 ஜனவரி. 187,400. "எண்ணெய், ஃபில்டர்." அதற்குப் பிறகு நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அதற்கடுத்த பக்கங்கள் காலி.

ஐந்து ஆண்டுக்கும் மேல், 1,130 கிலோமீட்டர்.

அண்ணன் எஞ்சினின் மேல் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, கவிழ்த்துக் காட்டினார். உட்புறம் முழுவதும் தே தாரிக் நுரை மாதிரி, வெளிர் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"எண்ணெயும் தண்ணியும் கலந்தது." நான் பயந்ததைப் பார்த்து, அவரே தொடர்ந்தார். "இருங்க தங்கச்சி. ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் இப்படி வரும். முதல்ல அதைப் பார்ப்போம்." ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் குறையவில்லை, அதில் எண்ணெய் மிதக்கவில்லை. அளவுகோலை உருவினார். எண்ணெய் கறுப்பாக இருந்தது, ஆனால் பால் கலந்த மாதிரி இல்லை. முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசனை எனக்கே தெரிந்தது. "கேஸ்கெட் நல்லா இருக்கு. இது வண்டி சூடேறாததால வந்தது. தினமும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் போட்டு நிறுத்துறீங்களா?"

"அம்மா. அஞ்சு நிமிஷம்."

அவர் துணியில் கையைத் துடைத்தார். "அதுதான் தங்கச்சி இதைக் கெடுக்குது. ஆனா அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

கிலோமீட்டரா, மாதமா?

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டு முன்கூரையிலும் ஒரு கார் இப்படி நிற்கலாம்.

பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, நீராவியும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்ப் பகுதிக்குள் இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி உள்ளே தண்ணீராகப் படியும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்தால் இன்னும் அதிகம்.

வண்டி நன்றாக ஓடினால் இதனால் கெடுதல் இல்லை. எண்ணெய் கொதிநீர் அளவுக்குச் சூடேறும்போது தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் அந்தச் சூடு வராது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. எண்ணெய் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். ஆக, தினமும் ஐந்து நிமிடம் என்றால், தினமும் கொஞ்சம் தண்ணீரையும் பெட்ரோலையும் எண்ணெயில் சேர்த்துவிட்டு மூடி வைக்கிறோம் என்று அர்த்தம். எண்ணெய் நீர்த்துப் போகும், அமிலம் சேரும், உள்ளே இரும்பு துருப்பிடிக்கும்.

எண்ணெயில் அழுக்கையும் அமிலத்தையும் தாங்கிக்கொள்ளும் சேர்மானங்கள் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை மெல்ல மெல்லத் தீரும். அதனால்தான் காரோடு வரும் கையேட்டில் இரண்டு கணக்கு இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் கிலோமீட்டர் மட்டும்தான். அம்மாவும் அதைத்தான் நம்பியிருந்தார்.

"சரி, எப்பதான் மாத்தணும்?" என்று கேட்டேன்.

"ஓடாத வண்டிக்கு நாள் கணக்குதான் கணக்கு. நல்ல முழு சிந்தெட்டிக் எண்ணெய், எடுத்தா தூரமா ஓட்டுறீங்கன்னா வருஷத்துக்கு ஒரு தடவை, கட்டாயம். இந்த மாதிரிப் பழைய வண்டி, மினரல் எண்ணெய், கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போகுதுன்னா ஆறு மாசம். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையேன்னு பார்க்காதீங்க. ஃபில்டரும் கூடவே மாத்தணும்."

இன்னும் சில விஷயங்களையும் சொன்னார். எண்ணெய் கறுப்பானதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டாலும் கறுக்கும். பல மாதம் வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால், பழைய எண்ணெயோடு நிறுத்தாமல் மாற்றிவிட்டு நிறுத்துவது நல்லது. வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். அது முடியாவிட்டால், ஐந்து நிமிடம் முடுக்குவதைவிடச் சும்மா விடுவதே மேல்.

பேட்டரி கதையும் அப்போதுதான் புரிந்தது. நான்கு ஆண்டுகளில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார் அம்மா. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட்டார். முடுக்கும்போது பேட்டரியிலிருந்து போகும் சக்தியை, ஐந்து நிமிடத்தில் வண்டியால் முழுதாகத் திருப்பித் தர முடியாது. கடைக்காரர்மீது தவறில்லை.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1519. 2019ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரத்தில் செய்தது. பூ தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான், அதற்கும் வயது உண்டு. "இதோட தைப்பிங் போகாதீங்க," என்றார்.

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். பழைய இரும்புக் கதையை எடுப்பார் என்று நினைத்தேன். "டயர் காசு நான் போடுறேன்" என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் மாலை வண்டி தயார். எண்ணெய், ஃபில்டர், கூலி மூன்றும் சேர்த்து நூற்றுப் பத்து வெள்ளி. செலவானதெல்லாம் டயருக்கும் பெல்ட்டுக்கும்தான். "ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுங்க. ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் மறுபடி கொண்டாங்க, இந்த எண்ணெயையும் மாத்திடலாம். உள்ளே இருக்கிற பழசெல்லாம் அதோட வந்துரும்," என்றார் அண்ணன்.

பழைய சாலையில்

நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையிலேயே போகலாம் என்றார் அம்மா. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, வடக்கே போகும் பேருந்துகளும் லாரிகளும் இந்த முதலாம் எண் கூட்டரசுச் சாலையில்தான் போயின. இப்போது காலை வேளையில் மோட்டார் சைக்கிள்களும் எங்களைப் போன்ற அவசரமில்லாதவர்களும்தான்.

சாகாவில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டோம். மூன்றாம் கியரில் லேசாக முனகிய எஞ்சின், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் அடங்கி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. 1985 ஜூலையில் நாட்டின் முதல் காராக அறிமுகமானபோது, மிட்சுபிஷி எஞ்சினைத்தான் இதில் பொருத்தினார்கள். "அப்பா இதை எழுபதுக்கு மேல ஓட்டமாட்டாரு," என்றார் அம்மா. நான் எண்பதிலிருந்து எழுபதுக்கு வந்தேன்.

கோலக்கங்சாருக்குள் நுழைய பேராக் ஆற்றின்மேல் இஸ்கண்டார் பாலத்தைக் கடக்க வேண்டும். 1932இல் திறக்கப்பட்டது. இரும்பு வளைவுகளின் நிழல் ஒவ்வொன்றாகக் காருக்குள் விழுந்து போவதை, சின்ன வயதில் நாங்கள் பின்னிருக்கையில் எண்ணுவோம். ஊருக்குள் ஒரு பழைய ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறது. 1877இல் நட்ட முதல் கன்றுகளின் வழி வந்தது. அங்கே வண்டியை ஓரம் கட்டினேன். "இதால வந்ததுதான் நம்ம எல்லார் கதையும்," என்றார் அம்மா. இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய அம்மா பால் மரம் வெட்டியவர்.

பாடாங் ரெங்காஸில் குனோங் பொண்டோக் சுண்ணாம்பு மலை சாலையோரம் செங்குத்தாக எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் செண்டோல் குடித்தோம். அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் ஏற்றம். வளைவு மேல் வளைவு. லாரி ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரில் ஏறினோம். வெப்பமானி முள் நடுவைவிட்டு அசையவில்லை. அம்மா முன்பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல், "போ, போ," என்றார்.

தைப்பிங் ஏரிக்கரையில்

தைப்பிங்கின் ஏரிப் பூங்கா, ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் 1880இல் உருவானது. 1885இல் நாட்டின் முதல் ரயில் ஓடியதும் இந்த ஊரிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத்தான். சாலையைத் தாண்டி வளைந்து ஏரித் தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் உட்கார்ந்தோம். புக்கிட் லாருட்டின் உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தீபகற்பத்தில் மழை அதிகம் பெய்யும் ஊர். குடை இல்லாமல் வந்தது எங்கள் தவறு.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஃபோர்மன் சொன்னதையெல்லாம், எண்ணெய், தண்ணீர், அந்த மூடியில் இருந்த நுரை, ஐந்து நிமிடம். வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறவளுக்கு, இந்த இரண்டு நிமிடம் கஷ்டமாக இருந்தது.

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா. நேரத்தோட பார்த்துட்டோம்."

"வண்டி ஓடணும்னு நான் போடலம்மா," என்றார். "அப்பா அஞ்சரைக்கு வண்டியை எடுப்பாரு. நான் அடுப்படியில இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். முப்பது வருஷம் அப்படியே பழகிடுச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. வண்டி கெட்டதற்கு அம்மாவின் ஐந்து நிமிடம் ஒரு காரணம் என்றால், ஓட்டத் தெரிந்த மூன்று பிள்ளைகள் ஓட்ட வராதது இன்னொரு காரணம். ஃபோர்மன் அண்ணன் அதைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

மழை வந்தது. ஓடிப்போய்க் காருக்குள் ஏறினோம். கண்ணாடியை ஏற்றியதும் உள்ளே அப்பாவின் காலத்து வாசனை. அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, கணக்குக் கேட்பவர் மாதிரிக் கேட்டார்: "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம்தானே?"

"ஆமாம்மா."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"நான் வர்றேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை."

"கோலக்கங்சார் வரைக்கும் போயிட்டு வந்தா போதுமா?"

"போதும்."

கொஞ்சம் யோசித்தார். "மத்த நாள்ல, காலையில கதவைத் திறந்து உள்ளே சும்மா உட்கார்ந்துக்கிறேன். அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

555

இதை எழுதும்போது மூன்று சனிக்கிழமைகள் போய்வந்துவிட்டேன். ஒருமுறை ரயில் தாமதம். மாலைதான் ஓட்ட முடிந்தது. அண்ணன் தீபாவளிக்கு வரும்போது ஜொகூரிலிருந்து பேருந்தில் வரப்போவதாகச் சொல்கிறார். இங்கே வந்து சாகாவை ஓட்டுவாராம். போன வாரம் மூடியைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் லேசான ஈரம். நுரை இல்லை.

உங்கள் வீட்டுக் காரின் சீட்டில் கிலோமீட்டர் மட்டும் எழுதியிருந்தால், பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள். தேதி நினைவில் இல்லை என்றால், மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

தைப்பிங்கிலிருந்து திரும்பிய அன்று இரவு, அப்பாவின் 555 புத்தகத்தை எடுத்து எழுதப் போனேன். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி போட்டு, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, ஒரு வரிகூட இடம் விடாமல் எழுதினார். தேதி. கிலோமீட்டர். எண்ணெய், ஃபில்டர். 110 வெள்ளி. அதற்கு அடுத்த வரியில், அப்பா எழுதாத ஒன்றையும் சேர்த்தார்: "தைப்பிங் போய் வந்தோம். மழை."